யார் பிள்ளை? கொழும்பு முகத்துவாரமும் ஆதரவற்ற சிறுவர் பராமரிப்பின் வரலாறும்

களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்தின் தென்கரையில் அமைந்த நிலப்பகுதி முகத்துவாரம் எனப் பெயர் பெற்றது. கொழும்பு நகரின் வடவெல்லையாகிய இப்பகுதியும், இதனை அடுத்துக் கிடக்கும் மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி ஆகியனவும் துறைமுகத்தின் பின்வாசல் போன்றவை. கப்பலில் வந்திறங்கிய பண்டங்கள் செட்டியார் தெருவுக்கும் புறக்கோட்டைக்கும் சென்றன. அப்பண்டங்களை முதுகிற் சுமந்த மக்கள் இப்பகுதிகளிலே தங்கினர். நகரத்தின் செல்வ வரலாற்றை எழுதியோர் பலர். அச்செல்வத்தின் நிழலில், உரியவர் எவருமிலர் எனக் கருதப்பட்டு வளர்ந்த சிறுவரின் வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை. அச்சிறுவரைப் பேணுதற்கு எழுந்த தருமங்களும் சட்டங்களும் யாவை, அவை அவர்களை யாருடைய பிள்ளைகளாகக் கருதின என்பன ஈண்டு ஆராயப்படும்.

1869ஆம் ஆண்டிற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் கீழ்த்திசைக் கப்பற் போக்குவரத்துப் பெருகிற்று. காலித் துறைக்கு இருந்த முதன்மை கொழும்புக்கு மாறிற்று. 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்சு இளவரசர் கொழும்பின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்; பத்தாண்டுகளில் அதன் தென்மேற்குப் பகுதி நிறைவுற்றது. வேலை தேடித் தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்தும், மலையாள நாட்டிலிருந்தும், இலங்கையின் சிங்களக் கிராமங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். சுமை தூக்குவோர் நாட்டாமைகள் எனப்பட்டனர். அவர்கள் குடியிருந்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். கொழும்பிலே தோட்டம் என்னும் சொல் பூவும் காயும் விளையும் நிலத்தைக் குறிப்பதன்று. பல குடும்பங்களுக்கு ஒரே நீர்க்குழாயும் ஒரே நடைவழியும் உடைய, நெருங்கிய சிற்றறைகளின் தொகுதியையே அது குறிக்கும். கப்பல் வந்த நாளிற் கூலி உண்டு. வாராத நாளில் இல்லை. கிராமத்திலே தாய் தந்தையரை இழந்த பிள்ளையை மாமனோ சிற்றப்பனோ பாட்டியோ ஏற்றுக்கொள்வர். அநாதை என்னும் சொல்லுக்கே ஆங்கு இடம் குறைவு. துறைமுகத்திலோ சுற்றம் கடலுக்கு அப்பால் இருந்தது. பேதியும், 1914ஆம் ஆண்டிற் கொழும்பிற் புகுந்த கொள்ளைநோயும் ஒரு குடும்பத்தின் பெரியோரை வாரிக்கொண்டு சென்றால், எஞ்சிய பிள்ளை தெருவுக்கே உரியதாயிற்று. தெருச் சிறுவர் என்னும் கூட்டம் இவ்வாறு பிறந்தது. அதனைப் பிறப்பித்தது எந்த இனத்தின் இயல்புமன்று. நாட்கூலியும் உறவின் முறிவுமே அதன் காரணங்கள்.

கைவிடப்பட்ட குழந்தை தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியம் கூறும் ஆபுத்திரன் வரலாறு யாவரும் அறிந்ததே. வாரணாசியிலிருந்து குமரியாட வந்த சாலி என்பாள், கொற்கைக்கு அருகில் வழியிலே பெற்ற மகவை ஒரு தோட்டத்தில் விட்டுச் சென்றாள். ஏழு நாள் ஒரு பசு அதற்குப் பாலூட்டிற்று. வயனங்கோட்டு இளம்பூதி என்னும் அந்தணன் அதனை எடுத்துத் தன் மகனாகவே வளர்த்துக் கல்வியும் அளித்தான். அதுவரை நல்ல கதை. பின்னர், வேள்விக்குரிய பசுவை அவன் விடுவித்ததால் எழுந்த பூசலில் ஊரார் அவனது பிறப்பைத் துருவி ஆராய்ந்தனர். அது வெளிப்பட்டதும் வளர்த்த தந்தையே அவனைத் துறந்தான். வளர்ந்து கற்ற இளைஞனைக் கூட, அவன் யார் பிள்ளை என்னும் வினா வீட்டிலிருந்து துரத்திற்று. மதுரையில் இரந்துண்டு வாழ்ந்த அவன், இரந்த உணவைக் குருடர்க்கும் செவிடர்க்கும் பேணுநர் இல்லார்க்கும் பகிர்ந்தளித்தான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது. சாத்தனார் இக்கதையில் உணவை மாத்திரம் பாடினார் என்று கொள்வோர் பாதியையே கண்டோராவர். பசித்த பிள்ளைக்கு அன்னம் இடுதற்குத் தமிழ்ச் சமுதாயம் எக்காலத்தும் அஞ்சியதில்லை. அப்பிள்ளைக்கு ஒரு வீட்டிலே இடம் கொடுப்பதற்கே அது தயங்கிற்று.

கொழும்பிலே அநாதைப் பராமரிப்பை அரசு அலுவலாக முதலில் அமைத்தோர் ஒல்லாந்தர் எனலாம். 1656ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரிடமிருந்து நகரைக் கைப்பற்றிய அவர்கள், தம் நாட்டு வழக்கப்படி அநாதைகள் மன்றம் ஒன்றை நிறுவினர். கம்பெனி ஊழியரும் குடியேறிய ஐரோப்பியரும் இறந்தால், அவர்தம் பிள்ளைகளுக்குரிய சொத்தை அம்மன்றம் காத்து, வட்டிக்கு விட்டு, பிள்ளைகள் உரிய வயதடைந்தபின் ஒப்படைத்தது. சொத்தில்லாப் பிள்ளைகள் திருச்சபையின் தருமப் பெட்டியை நம்பி இருந்தனர். எனவே மன்றம் காத்தது பிள்ளையைக் காட்டிலும் பிள்ளையின் பணத்தையே என்று கூறுதல் மிகையாகாது. முகத்துவாரத்துக்கு எதிர்க்கரையிலுள்ள ஏந்தலையில் 1708ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட தொழுநோயாளர் இல்லமும் அவ்வாட்சியின் நினைவாக நின்றது. நகரம் தன்னால் நோக்க முடியாதவற்றை ஆற்றின் வாய்க்கு அனுப்பும் வழக்கம் பழையதே.

ஆங்கிலராட்சியிலே தருமம் தனியாரிடம் சென்றது. 1831ஆம் ஆண்டிற் கொழும்பில் வறியோர்க்கு உதவும் நண்பர் சங்கம் தோன்றி, ஏழைகளுக்குப் பணமும் அரிசியும் வழங்கிற்று. 1869ஆம் ஆண்டில் நல்லாயன் கன்னியர் கொட்டாஞ்சேனையில் மடம் அமைத்தனர். பெண்களுக்கான பாடசாலையும், ஆதரவற்ற பெண் பிள்ளைகளின் பராமரிப்பும் அவர்தம் பணிகளாயின. துறைமுகப் பகுதியிலே பெண் குழந்தைக்கு நேரும் கேட்டை அறிந்தோர் அப்பணியின் அருமையை உணர்வர். சைவரும் பௌத்தரும் இத்தகைய இல்லமொன்றைக் கனவிலும் கருதாத நாளில், கடல் கடந்து வந்த பெண்கள் பிறர் பெற்ற பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டனர். இதனை மறைப்பது வரலாறாகாது.

எனினும் அக்காலத் தருமத்துக்கு ஒரு விலை இருந்தது. யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டு முதல் நடத்திய விடுதிப் பாடசாலைகளில், ஒரு பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்க உபகாரி அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடும் வழக்கம் இருந்தது. பாவலர் சரித்திர தீபகம் தந்த சதாசிவம்பிள்ளை ஆணல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கறல் ஆனார். பதிப்புத் துறையின் முன்னோடியாகிய தாமோதரம்பிள்ளையின் ஆங்கிலத் தலையெழுத்துக்களும் அத்தகைய பெயரையே குறித்தன என்பர். தமிழில் எழுதுமிடத்து அவையே சிறுப்பிட்டி வைரவநாதர் என்று விரிந்தன. இவர்கள் எவரும் அநாதைகள் அல்லர். பெற்றோரும் ஊரும் உடையோர். ஆகவே பின்னாளில் அவர்கள் தம் பெயரை மீட்க முடிந்தது. பெயரை நினைவூட்ட ஒருவரும் இல்லாத தெருப் பிள்ளைக்கோ, உணவளித்தவர் இட்டதே பெயர், அவர் காட்டியதே சமயம்.

இதனை எதிர்த்து எழுந்த ஆறுமுக நாவலர், சைவப் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை நிறுவினார். 1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தை வறட்சியும் பேதியும் வாட்டியபொழுது அவர் நடத்திய கஞ்சித் தொட்டித் தருமம் ஈழத்துச் சமூகப் பணி வரலாற்றில் ஓர் எல்லைக்கல். பணமுடையோரிடம் இரந்து பெற்று, வண்ணார்பண்ணையிலே பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்ததோடு அமையாது, துயரை உணராத அரசாங்க அதிபரைக் கண்டித்தும் எழுதினார். ஆயினும் பஞ்சம் தீர்ந்ததும் தொட்டி மூடப்படும். கஞ்சி ஒரு நாளுக்குரியது. பிள்ளை வளர்த்தல் பதினைந்து ஆண்டுக்குரியது. தொடர்ந்து பொறுப்பேற்கும் நிறுவனம் இல்லாதிருந்ததே அன்றைய சைவத் தருமத்தின் குறை. அன்னசத்திரம் வழிப்போக்கனுக்காகக் கட்டப்பட்டது. போகும் வழி அறியாத சிறுவனுக்கு அங்கே ஒரு வேளைக்கு மேல் இடமில்லை.

இக்குறை நீங்குதற்கான தொடக்கம் கொழும்புத் துறையிலே நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. 1897ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் மேனாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கினார். அவ்வாண்டு மே மாதத்தில் இராமகிருஷ்ண சங்கம் கல்கத்தாவில் தோன்றிற்று. அவர்தம் துறவறச் சகோதரர் அகண்டானந்தர், அதே ஆண்டில் வங்காளத்து முர்சிதாபாத் பகுதியிற் பஞ்ச நிவாரணத்தில் இறங்கி, பஞ்சத்தால் அநாதையான பிள்ளைகளைச் சேர்த்து ஆச்சிரமம் அமைத்தார். இன்னொரு சகோதரராகிய இராமகிருஷ்ணானந்தர் சென்னைக்கு அனுப்பப்பட்டார். கோயம்புத்தூரிலே கொள்ளைநோய் ஒரு குடும்பத்தின் பெரியோர் அனைவரையும் கவர்ந்து சிறு பிள்ளைகளை மட்டும் விட்டுச் சென்ற செய்தி அவர் உள்ளத்தை உருக்கிற்று என்பர். இராமசாமி ஐயங்கார், இராமாநுஜாச்சாரியார் ஆகிய இருவரின் துணைகொண்டு 1905ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் ஏழு பிள்ளைகளோடு ஒரு மாணவர் இல்லம் தொடங்கப்பெற்றது. 1921ஆம் ஆண்டில் அதற்குச் சொந்தக் கட்டிடம் திறக்கப்பட்டது. அநாதை விடுதி என்னாது மாணவர் இல்லம் என்று அதற்குப் பெயரிட்டமை நோக்கத்தக்கது. அங்கு சேர்ந்த சிறுவன் தன்னை இரவலனாக எண்ணவேண்டியதில்லை, அவன் மாணவன். பெயரிடுவதிலும் ஓர் அறம் உண்டு.

காரைதீவிற் பிறந்து, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஆசிரியராக விளங்கிய மயில்வாகனனார், மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையை விடுத்து 1922ஆம் ஆண்டில் மயிலாப்பூர் மடத்தை அடைந்தார். 1924ஆம் ஆண்டில் விபுலாநந்தராகத் துறவு பூண்டு, அடுத்த ஆண்டில் ஈழம் திரும்பினார். மட்டக்களப்பின் கல்லடி உப்போடையில் 1929ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் எழுந்த சிவானந்த வித்தியாலயமும், அதனைச் சார்ந்து வளர்ந்த மாணவர் இல்லமும், மயிலாப்பூர் முறையை ஈழத்து மணலில் நட்டவையாகும். யாழ் நூல் தந்த பேரறிஞராக மாத்திரம் அவரை நினைப்போர், ஏழைப் பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் அவர் கணக்கெழுதிய நாட்களை மறத்தலாகாது. வடபகுதியிலே 1923ஆம் ஆண்டிற் சைவ வித்தியா விருத்திச் சங்கம் நிறுவப்பெற்றது. இந்துபோர்ட் இராசரத்தினம் என வழங்கப்பட்ட பெரியாரின் உழைப்பால் அது பாடசாலைகளோடு திருநெல்வேலியிற் சைவச் சிறுவர் இல்லத்தையும் தாங்கிற்று. கொழும்பிலே 1902ஆம் ஆண்டில் விவேகானந்த சபை தோன்றிச் சமய கல்வியை வளர்த்தது.

பெண் பிள்ளைகள் நிலை இன்னும் கடுமையாயிருந்தது. சென்னையில் தேவதாசி முறையை எதிர்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாயிலுக்கு அம்முறையிலிருந்து விடுதலை நாடிய சிறுமியர் வந்தனர். அவர்களை ஏற்க விடுதிகள் மறுத்தன. சட்டமன்றத்திலே விடுதலை கோரிப் பேசியவருக்கு, விடுதலை பெற்ற பெண் இரவில் எங்கே உறங்குவாள் என்னும் வினா எழுந்தது. தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1930களின் தொடக்கத்தில் உருவான ஔவை இல்லம் அவ்வாறு பிறந்ததே. அடையாற்றுக்குப் பெயர்ந்த அவ்வில்லத்தில், சாதியும் பிறப்பும் வினவாது பிள்ளைகள் ஏற்கப்பட்டனர். இளம்பூதி செய்யத் தவறியதை அவ்வம்மையார் செய்தார் எனலாம்.

கொழும்புக்கு மீள்வோம். 1915ஆம் ஆண்டு சனவரியில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கினார். பதிவாளர் நாயகமாகவும், 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் அதிகாரியாகவும் விளங்கியவர் அவர். பிறப்பையும் இறப்பையும் எண்ணிப் பழகிய கண்ணுக்கு, நகரத்துத் தோட்டங்களிற் குழந்தைகள் எவ்வாறு மடிகின்றன என்பது தெரியாதிருக்க இயலுமா? கட்டாயக் கல்வி, வைத்திய உதவி, நல்ல குடியிருப்பு, மிகக் குறைந்த கூலி பெறுவோரின் நிலையை உயர்த்தல் என்பவற்றை அவர் ஒரே திட்டத்தின் கூறுகளாகக் கண்டார். பிள்ளையை மட்டும் தனியே எடுத்துக் காத்தல் போதாது, அதன் தாய் தந்தையர் பெறும் கூலியே முதலில் நோக்கத்தக்கது என்னும் கருத்து இதிற் பொதிந்துள்ளது. இந்நாட்டிலே அநாதைப் பராமரிப்பைப் பற்றி அதுவரை எழுந்த கருத்துகளில் இதுவே ஆழமானது. ஆனால் அது செயலாகுமுன் 1924ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அரசாங்கம் விழித்தது ஒரு பேரழிவின் பின்னரே. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. வறுமை தனி மனிதனின் சோம்பலால் வருவதென்னும் எண்ணம் அதன்பின் நிற்க முடியவில்லை. 1939ஆம் ஆண்டில் வறியோர் சட்டமும், 48ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. பிந்திய சட்டத்தின்படி அன்று பதினான்கு வயதிற்குட்பட்டோர் சிறுவர். பதினாறு வரை இளம் ஆட்கள். பிச்சையெடுக்கும் பிள்ளையையும், பெற்றோரின்றி அலையும் பிள்ளையையும் சிறுவர் நீதிமன்றத்தின் முன் கொணர்ந்து, தகுதியுடைய ஒருவரிடமோ அங்கீகாரம் பெற்ற பாடசாலையிலோ ஒப்படைக்கலாம். முன்னேற்றம் பெரிது. எனினும் திருடிய பிள்ளையும், எதையும் திருடாது தெருவில் உறங்கிய பிள்ளையும் ஒரே வாசலிற் காத்து நிற்கவேண்டியதாயிற்று. இரண்டையும் அழைத்து வந்தவர் பொலிசுக்காரரே. ஆதரவின்மை குற்றத்தின் உடையை அணிந்து நின்றது. 1956ஆம் ஆண்டில் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு ஆகியவற்றுக்கெனத் தனித் திணைக்களம் ஏற்பட்ட பின்னும் இவ்விரு பணிகளும் ஒரே பெயர்ப்பலகையின் கீழே இணைந்திருந்தமை இதன் எச்சமே.

இனி, இவ்வரலாற்றில் மிக வியத்தகு செய்தி ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், இந்திய வமிசாவளித் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றோராக்கியது என்பது யாவரும் அறிந்தது. தந்தையும் இந்நாட்டிற் பிறந்தார், அல்லது தந்தையின் தந்தையும் அவர் தந்தையும் இந்நாட்டிற் பிறந்தனர் என்று காட்டினாலன்றி, இங்கே பிறந்த பிள்ளைக்கும் அச்சட்டம் வமிசாவளிப் பிரசாவுரிமை வழங்கவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு, பெற்றோர் இன்னார் என அறிய முடியாதவாறு கைவிடப்பட்ட நிலையிற் கண்டெடுக்கப்பட்ட புதிதாய்ப் பிறந்த குழந்தை, மாறாக நிறுவப்படும் வரை, வமிசாவளிப் பிரசையாகவே கருதப்படும் என விதித்தது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குக. துறைமுகத்திற் சுமை தூக்கியவனும் நகர வீதியைக் கூட்டியவனும், தான் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்று நெஞ்சாரச் சொன்னால் அப்பிள்ளைக்கு நாடில்லை. அதே பிள்ளையைத் துணியிற் சுற்றிக் கோயில் வாசலில் விட்டு மறைந்தால் அதற்கு நாடு உண்டு! தண்டனைக் கோவையின் 308ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதிற்குட்பட்ட பிள்ளையைக் கைவிடும் பெற்றோருக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. பிரசாவுரிமைச் சட்டமோ கைவிடப்பட்ட பிள்ளைக்கே அருள் சுரந்தது. சட்டம் இயற்றியோர் இதனை எண்ணிச் செய்தனர் என்பதற்கில்லை. கண்டெடுத்த குழந்தைக்கான விதி உலகின் பல நாட்டுச் சட்டங்களிலும் காணப்படும் மனிதாபிமான விதி. கேடு அதிலன்று, பெற்றோரை உடைய பிள்ளைக்கு அவ்வருளை மறுத்ததிலே இருந்தது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் பின்வந்த சட்டங்களும் கடந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியிருந்தோர்க்குப் பொதுவாகப் பிரசாவுரிமை வழங்கிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

நல்லெண்ணம் தீங்காக மாறுதலும் உண்டு. இலண்டன் நகரத்திலே 1866ஆம் ஆண்டில் மருத்துவம் கற்கவந்த பர்னாடோ, வீட்டுக் கூரைகளில் உறங்கிய சிறுவரைக் கண்டு மனமிரங்கி 1870ஆம் ஆண்டில் இல்லம் திறந்தார். இடமில்லை எனத் திருப்பி அனுப்பப்பட்ட பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் பின்னர் இறந்து கிடக்கக் கண்டபின், ஆதரவற்ற எப்பிள்ளையையும் மறுப்பதில்லை என்று வாசலில் எழுதிவைத்தார். அத்தகைய பெரியாரே 1882ஆம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார். அவருட் பலருக்குத் தாய் இருந்தாள். வறுமையே அவர்களை இல்லத்துக்கு அனுப்பியது. இவ்வகைக் குடியேற்றங்களுக்காகப் பிரித்தானியப் பிரதமர் 2010ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரினார்.

இலங்கையும் அதே பாதையிற் சென்றது. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம், பிள்ளையற்றோர் வீட்டிலே பிள்ளைக்கு இடம் தருவதற்காக எழுந்த நல்ல சட்டம். 1970களின் பிற்பகுதி முதல் மேனாட்டுத் தம்பதியர் இங்கு வந்து பிள்ளைகளைக் கொண்டுசெல்வது வணிகம் போலாயிற்று. தாயார் பெயரில் வேறு பெண்களை நீதிமன்றத்தில் நிறுத்தியமையும், பத்திரங்களைப் புனைந்தமையும் பின்னர் வெளிப்பட்டன. 1992ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இதற்குக் கடிவாளமிட்டது. சென்றோர் இன்று நாற்பது வயதினர். தம் தாயைத் தேடிக் கொழும்புக்கு வரும் அவர்கள், கையிலுள்ள பிறப்புப் பத்திரமே பொய்யென அறிந்து திகைக்கின்றனர். 2021ஆம் ஆண்டில் ஒல்லாந்து அரசு நியமித்த ஆணைக்குழு, இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து நடந்த மகவேற்பிற் காணப்பட்ட முறைகேடுகளை எடுத்துரைத்தது. பண்டு அநாதையின் சொத்தைக் காக்க மன்றம் அமைத்த நாடும் அதுவே.

இல்லங்களிலே வாழ்வோர் அனைவரும் தாய் தந்தையை இழந்தோர் என்று கொள்வது தவறு. இலங்கையின் சிறுவர் இல்லங்களில் உள்ளோருட் பெரும்பாலார்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இருக்கின்றனர் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. வறுமை, தாய் மேற்காசியாவுக்கு வீட்டுவேலைக்குச் சென்றமை, தந்தையின் குடி அல்லது சிறை, மறுமணம் என்பவையே பிள்ளைகளை அங்கு சேர்க்கின்றன. துறைமுகப் பகுதியில் இவை அனைத்தும் உண்டு. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தையுடைய தாயார் வெளிநாடு செல்வதை 2013ஆம் ஆண்டில் அரசு கட்டுப்படுத்திற்று. பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டிலே அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. தாயின் கூலி உயராத இடத்தில், தாயைத் தடுக்கும் விதி எத்தனை நாள் நிற்கும்?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை இலங்கையிற் கொன்றது. கல்லடிக் கரையும் அதில் அழிந்த கரைகளுள் ஒன்று. புதிய அநாதை இல்லங்களைக் கட்டப் பணத்தோடு பலர் வந்தனர். அரசோ, பெற்றோரை இழந்த பிள்ளைகளை இயன்றவரை உறவினரிடமே ஒப்படைக்கும் கொள்கையை மேற்கொண்டது. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்புக்கு வழிவகுத்தது. கல்முனைப் பகுதியிற் கண்டெடுக்கப்பட்ட ஒரு கைக்குழந்தைக்குப் பல குடும்பங்கள் உரிமை கோரியதாகச் செய்தி பரவியபொழுது, நீதிமன்றம் மரபணுச் சோதனை நடத்தி உரிய பெற்றோரிடம் கொடுத்தது. மாமனும் பாட்டியும் அநாதை என்னும் சொல்லை மீண்டும் சிறிதாக்கினர்.

உறவினரும் இல்லாதபொழுது இல்லமே கதி. போர்க்காலத்திலே தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தைச் சார்ந்த மகளிர் இல்லத்தைத் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் 2008ஆம் ஆண்டில் மறையும் வரை தாங்கினார். இரத்மலானையில் அகில இலங்கை இந்து மாமன்றம் நடத்திய விடுதி, வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளின் வறிய மாணவரைக் கொழும்பின் அருகே கற்கச் செய்தது. ஆத்திரிய நாட்டு எர்மன் குமைனர் 1949ஆம் ஆண்டில் தொடங்கிய சிறுவர் கிராம முறை, பெரிய விடுதிக்கு மாற்றாக ஒரு தாய்க்குச் சில பிள்ளைகள் எனத் தனித்தனி வீடுகளை அமைத்தது. 1980களில் அது பிலியந்தலைக்கும் வந்தது. இல்லம் வீட்டை எவ்வளவுக்கு ஒத்திருந்ததோ அவ்வளவுக்கு அதன் பிள்ளைகள் வெளியுலகில் வேரூன்றினர்.

பிள்ளை தெருவுக்கு வருமுன்னரே தடுத்த முறைகள் விளம்பரமின்றி நடந்தவை. 1920ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சியில் தியாகராயச் செட்டியார் தொடங்கிய பள்ளி உணவை 1956ஆம் ஆண்டிற் காமராசர் தமிழ்நாடெங்கும் விரித்தார். 1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் இலவசக் கல்வி ஈழத்தில் நடைமுறைக்கு வந்தது. 1991ஆம் ஆண்டிற் சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை ஏற்று உறுதி செய்தது. அச்சாசனத்தின் 7ஆம் உறுப்புரை, பிறந்தவுடன் பதியப்படுதலையும் பெயர் பெறுதலையும் பிள்ளையின் உரிமைகளாக வைத்தது. 1998ஆம் ஆண்டில் ஐந்து முதல் பதினான்கு வயது வரை பாடசாலை வருகை கட்டாயமாக்கப்பட்டது.

பாடசாலையிற் சேர வரும் பிள்ளையிடம் முதலிற் கேட்கப்படுவது பிறப்புச் சான்றிதழ். நாட்கூலிக் குடும்பங்களில் அது பல வேளைகளில் இருப்பதில்லை: தாய் வீட்டிலே பெற்றிருப்பாள், அல்லது வெள்ளத்திலும் கலவரத்திலும் கடதாசி போயிருக்கும், அல்லது தந்தையின் பெயரை எழுத அஞ்சியிருப்பர். பதிவு எங்கும் அகப்படாதபொழுது பதிவாளர் நாயகம் திணைக்களம் உத்தேச வயதுச் சான்றிதழ் என ஒன்றை வழங்கும். கிராம உத்தியோகத்தர் வதிவை உறுதிப்படுத்துவார். மருத்துவர் பல்லையும் எலும்பையும் நோக்கி வயதை மதிப்பிடுவார். பிறந்த நாள் இவ்வாறு உத்தேசமாக எழுதப்படும். அருணாசலம் ஒருகாலத்தில் தலைமை வகித்த திணைக்களத்தின் அக்கடதாசியைக் கையிற் கொண்டே, இருபத்தோராம் நூற்றாண்டிலும் பிள்ளைகள் சிலர் பாடசாலைப் பதிவேட்டிலே தம் பெயரை எழுதுவித்து வருகின்றனர்.